வெளிநாட்டில் தன்னார்வப் பணி: அங்கே என்ன நடக்கும், எதைக் கற்கலாம், எங்கே தவறுகிறது

கேள்வி இதுதான்: “சில வாரங்களோ சில மாதங்களோ வெளிநாட்டில் தன்னார்வலராக வேலை செய்ய ஆசை. போய்வந்தவர்கள் எல்லாரும் ‘வாழ்க்கையே மாறிவிட்டது’ என்கிறார்கள். உண்மையில் அங்கே என்ன நடக்கிறது? என்ன கற்றுக்கொள்ள முடியும்? எதைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பது?”

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு கற்பீர்கள் என்பது எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்ததில்லை. யாருக்குக் கீழே வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் உங்களுக்கு மேலே இருந்து, வேலை சொல்லி, பிழை திருத்தி, தேவைப்பட்டால் “இது எங்களுக்கு வேண்டாம்” என்று மறுக்கும் அதிகாரத்தோடு இருந்தால் நிறையக் கற்பீர்கள், உங்களால் கொஞ்சமாவது பயனும் இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே விடுதியில் தங்கி, தங்களுக்குள்ளேயே பேசி, தாங்களே முடிவு செய்து உதவிவிட்டுத் திரும்பும் இடத்தில் படங்கள்தான் மிஞ்சும். கீழே சொல்பவை எல்லாமே இந்த ஒரு அளவுகோலைச் சுற்றித்தான் வரும்.

தன்னார்வப் பணி என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல ஏற்பாடுகள் இருக்கின்றன. எதில் சேர்கிறோம் என்று தெரியாமல் சேர்வதுதான் பெரும்பாலான ஏமாற்றங்களுக்குத் தொடக்கம்.

அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளும் நடத்தும் நீண்டகாலத் திட்டங்கள் ஒரு வகை. ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம் 1970-இல் பொதுச்சபைத் தீர்மானத்தால் உருவானது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. பெயரில் தன்னார்வம் இருந்தாலும் நடைமுறை வேலைக்கு விண்ணப்பிப்பதைப் போன்றதே. கல்வித்தகுதி, அனுபவம், நேர்காணல் எல்லாம் உண்டு. தேர்வானால் வாழ்க்கைச் செலவுக்கு மாதப் படியும் காப்பீடும் பயணச் செலவும் கிடைக்கும். அமெரிக்காவின் பீஸ் கோர் 1961-இல் தொடங்கியது. அந்நாட்டுக் குடிமக்கள் மட்டுமே சேரலாம். மூன்று மாதப் பயிற்சி, இரண்டு ஆண்டுப் பணி, ஆக மொத்தம் 27 மாதம். பிரிட்டனில் 1958-இல் தொடங்கிய வி.எஸ்.ஓ. (வெளிநாட்டுத் தன்னார்வச் சேவை) அமைப்பின் வரலாறு கவனிக்கத்தக்கது. பள்ளி முடித்த இளைஞர்களை அனுப்பித்தான் அது தொடங்கியது. பின்னர் தொழில் தெரிந்த, அனுபவமுள்ளவர்களை அனுப்பும் அமைப்பாக மாறியது. ஆர்வம் மட்டும் இருந்தால் வேலை நடக்காது என்பதை இந்தத் துறை பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

18 முதல் 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஐரோப்பிய ஒற்றுமைப் படை என்ற திட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அதன் பங்காளி நாடுகள் சிலவற்றிலும் சட்டப்படி வசிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். இரண்டு வாரம் முதல் 12 மாதம் வரை பணி. பயணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, கைச்செலவு எல்லாவற்றையும் திட்டமே பார்த்துக்கொள்ளும். தகுதி உள்ளவர்கள் காசு கொடுத்து வேறு இடத்துக்குப் போவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது பணிமுகாம். முதல் உலகப்போரில் சிதைந்த பிரான்சின் வெர்டன் வட்டாரக் கிராமம் ஒன்றில், 1920-இல் பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் சில நாட்டு இளைஞர்களைச் சேர்த்து வீடுகளைச் சீரமைக்கப் போனார். நேற்றுவரை எதிரெதிரே நின்று சண்டையிட்ட நாட்டவர்கள் சேர்ந்து மண் சுமந்த அந்த முகாமிலிருந்துதான் சர்வதேச குடிமைச் சேவை என்ற அமைப்பு வளர்ந்தது. இன்றும் பணிமுகாமின் அமைப்பு ஏறக்குறைய அதேதான்: பல நாட்டவர் பத்து இருபது பேர், இரண்டு மூன்று வாரம், பொதுவான ஒரு வேலை, முறை வைத்துச் சமையல். முதன்முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். செலவு குறைவு, காலம் குறைவு, யாருடைய வாழ்க்கையையும் கையில் எடுத்துக் குழப்பும் வாய்ப்பும் குறைவு.

உழைப்புக்குப் பதில் சாப்பாடும் இடமும் தரும் ஏற்பாடுகள் இன்னொரு வகை. 1971-இல் சூ கோப்பர்டு என்ற லண்டன்காரர், நகரத்தவர்கள் வார இறுதியில் இயற்கைப் பண்ணைகளில் வேலை செய்ய ஒரு ஏற்பாடு செய்தார். அதுதான் இன்று உலகெங்கும் இருக்கும் வூஃப். வொர்க்கவே போன்ற தளங்கள் பண்ணையைத் தாண்டி விடுதி, வீடு, கட்டுமானம் என்று விரிந்தன. வழக்கமாக நாளுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம், வாரம் ஐந்து நாள். இதற்கு மேல் கேட்பவர் சம்பளமில்லாத ஆளைத் தேடுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பணம் வாங்கிக்கொண்டு இடம் ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் சிக்கல்களில் பெரும்பங்கு இங்கேதான் வருகிறது. காரணம் எளிது: காசு கொடுப்பவர் தன்னார்வலர் என்பதால், நிறுவனம் அவரைத் திருப்திப்படுத்தப் பார்க்கும். ஊரின் தேவை இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

இனி, வேலையில் உண்மையில் என்ன நடக்கும் என்பதைப் பார்க்கலாம்.

முதல் சில வாரங்களில் நீங்கள் பாரம். இதைச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் முன்பே தெரிந்துகொண்டால் நல்லது. கடைக்கு எப்படிப் போவது, தண்ணீர் எது குடிக்கலாம், யாரை எப்படி அழைப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தர அங்கிருக்கும் ஒருவர் தன் வேலையை விட்டு வர வேண்டியிருக்கிறது. மொழி தெரியாத இடமானால் இந்தக் காலம் நீளும். இரண்டு வாரம் மட்டுமே தங்குபவர் பாரமாக இருக்கும் கட்டத்தைத் தாண்டுவதற்குள் கிளம்பிவிடுகிறார். குறுகிய காலம் போகிறவர் பழகிக்கொள்ளாமலே செய்யக்கூடிய வேலையை மட்டும் ஏற்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்: மரம் நடுதல், பாதை சீரமைத்தல், பொருள் அடுக்குதல், ஏற்கெனவே கைவந்த தொழில் ஒன்றை அங்கிருப்பவருக்குச் செய்துகாட்டுதல்.

அதற்குப் பிறகு ஒரு சரிவு வரும். நார்வே ஆய்வாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்வந்த நார்வேக்காரர்களைப் பற்றிய ஆய்வை 1955-இல் வெளியிட்டார். தொடக்கத்தில் உற்சாகம், இடையில் சோர்வு, பிறகு மீட்சி என்று மனநிலை ஆங்கில ‘யு’ வடிவில் இறங்கி ஏறுவதாக அதில் எழுதினார். எல்லாருக்கும் அப்படியே நடப்பதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் அந்த நடுக்கட்டச் சோர்வு உங்களுக்கு வந்தால், வழக்கமாக வருவதுதான் என்று தெரிந்திருப்பது உதவும். புதுமை தீர்ந்திருக்கும், மொழி இன்னும் வந்திருக்காது, வயிறு ஒத்துழைக்காது, “நான் எதற்கு இங்கே இருக்கிறேன்” என்று தோன்றும். அந்த வாரங்களில் ஊருக்குத் திரும்பும் முடிவையோ தங்கும் காலத்தை நீட்டிக்கும் முடிவையோ எடுக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் செய்யும் ஒரு சின்ன வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வாரத்தில் ஒரு நாளாவது தன்னார்வலர் கூட்டத்தை விட்டு விலகி ஊர்க்காரர்களோடு சாப்பிடுங்கள்.

கற்பது என்ன என்று கேட்டால், வேலை வகையை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். மூன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மிக அதிகமாக விளம்பரப்படுத்தப்படுவது ஆங்கிலம் கற்பித்தல். இங்கே நடக்கும் தவறு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி. மாதம் ஒரு தன்னார்வலர் வருகிறார். ஒவ்வொருவரும் நிறங்கள், எண்கள், உடல் உறுப்புகள் என்று முதலிலிருந்து தொடங்குகிறார். ஆண்டு முடிவில் பிள்ளைகள் பன்னிரண்டு முறை நிறங்களைப் படித்திருப்பார்கள், ஒரு வாக்கியம் எழுதியிருக்க மாட்டார்கள். அந்த வகுப்பின் நிரந்தர ஆசிரியரோ அந்த நேரத்தில் வெளியே அனுப்பப்பட்டு, தன் பிள்ளைகள் முன்னால் மதிப்பிழக்கிறார். சரியான ஏற்பாடு என்றால் ஆசிரியர் வகுப்பை நடத்த, நீங்கள் துணையாக நிற்க வேண்டும். ஒரு குழுவை வைத்துக்கொண்டு 15 நிமிடம் பேச்சுப் பயிற்சி, உச்சரிப்பு, அவர்கள் பாடநூலை ஒட்டிய படங்களும் அட்டைகளும். பள்ளி முடிந்தபின் அந்த ஆசிரியரோடு அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசினால், அந்தப் பலன் நீங்கள் கிளம்பிய பிறகும் ஆண்டுக்கணக்கில் வகுப்பில் இருக்கும். கூடவே ஒரு ஒப்படைப்பு நோட்டு வையுங்கள். எந்த வகுப்பு, பாடநூலின் எந்தப் பக்கம் வரை, எது புரிந்தது, எது புரியவில்லை, எந்த முறை பலிக்கவில்லை என்று நாளுக்கு ஐந்து வரி போதும். அடுத்து வருபவர் நிறங்களிலிருந்து தொடங்காமல் இருக்க அந்த நோட்டு ஒன்றே வழி.

இதில் நீங்கள் கற்பது கற்பித்தலைவிடப் பெரியது. “புரிந்ததா?” என்று கேட்டால் உலகில் எங்கும் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். மரியாதைக்குச் சொல்லப்படும் ஆமாம் அது. செய்துகாட்டச் சொன்னால்தான் உண்மை தெரியும். இந்த ஒரு பழக்கம் பிற்பாடு எந்த அலுவலகத்திலும் உதவும்.

இரண்டாவது கட்டுமானம். பள்ளிக்கூடச் சுவர், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி. வேலையே தெரியாத இளைஞர்கள் கட்டிய சுவரை இரவில் உள்ளூர்க் கொத்தனார் இடித்துக் கட்ட நேர்வது இந்தத் துறையில் நீண்டகாலமாகப் பேசப்படும் குறை. எங்கே தவறுகிறது என்று தெரிந்தால் தவிர்க்கலாம். கையால் கலக்கும் சாதாரண கான்கிரீட்டுக்கு ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்பது பரவலான அளவு. பழக்கமில்லாதவர்கள் மண்வெட்டி இலகுவாக ஓடட்டும் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார்கள். அதிகமான தண்ணீர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச்செல்லும். காய்ந்தபின் கான்கிரீட் வலுவிழந்து வெடிக்கும். போட்டு முடித்த பின் குறைந்தது ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். கான்கிரீட் போட்ட ஐந்தாம் நாளே முகாம் முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டால் தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது. சுவர் கட்டும்போது நாலைந்து வரிசைக்கு ஒருமுறையாவது தூக்குக்குண்டு (நேர்செங்குத்து பார்க்கும் கயிறு கட்டிய எடை) பிடித்துப் பார்க்காவிட்டால் சாய்வு கண்ணுக்குத் தெரிவதற்குள் திருத்த முடியாத அளவுக்குப் போய்விடும். ஈர சிமென்ட் கடுமையான காரம். வெறுங்கையிலும் காலணிக்குள்ளும் பட்டால் வலி தெரியாமலே சில மணி நேரத்தில் தோலைப் புண்ணாக்கும். கையுறையும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம்.

ஆகவே கட்டுமானத்துக்குப் போனால் கொத்தனாருக்குச் சித்தாளாக நில்லுங்கள். கலவை கொடுங்கள், கல் எடுத்துக் கொடுங்கள், கருவிகளைக் கழுவி வையுங்கள். சம்பளம் பெறும் உள்ளூர்க் கொத்தனார்கள் அங்கே இருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால், உங்கள் இலவச உழைப்பு ஒருவருடைய கூலியைப் பறிக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, வன உயிர்ப் பாதுகாப்பு. கடலாமைத் திட்டங்கள் இதில் நேர்மையான கற்றலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. கோஸ்டாரிகாவின் டோர்டுகெரோ கடற்கரையில் பச்சைக் கடலாமைகள் 1950-களிலிருந்து தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருகின்றன. அங்கேயும் அதுபோன்ற பிற கடற்கரைகளிலும் தன்னார்வலரின் வேலை இரவு ரோந்து. கருநிற உடை, சிவப்பு விளக்கு மட்டும், பேச்சு கிடையாது, ஃபிளாஷ் கிடையாது. ஆமை மணலில் குழி தோண்டி முட்டையிடத் தொடங்கும் வரை நெருங்கக் கூடாது. அதற்கு முன் அசைவோ வெளிச்சமோ பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டைகளை வேறிடம் மாற்ற வேண்டியிருந்தால் இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்ட பின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். மணலின் வெப்பம்தான் குஞ்சின் பாலினத்தை முடிவுசெய்கிறது. சுமார் 29 பாகை செல்சியஸுக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். எனவே பொரிப்பிடத்தில் நிழல்வலை கட்டுவதுகூடக் கணக்குப் பார்த்துச் செய்யும் வேலை. பல இரவுகள் ஒரு ஆமையையும் பார்க்காமல் ஆறேழு கிலோமீட்டர் மணலில் நடந்துவிட்டு வருவீர்கள். “எதுவும் இல்லை” என்று பதிவேட்டில் எழுதுவதும் தரவுதான் என்பதை உடம்பால் புரிந்துகொள்வது அப்போதுதான்.

இதற்கு நேரெதிர், விலங்கைத் தூக்கி வைத்துப் படமெடுக்க விடும் இடங்கள். தென்னாப்பிரிக்காவில் சில பண்ணைகளில் சிங்கக்குட்டிகளைத் தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்து, தன்னார்வலர்கள் புட்டிப்பால் கொடுத்து வளர்க்க வைத்தார்கள். அப்படி மனிதரோடு பழகிய குட்டியைக் காட்டில் விட முடியாது. வளர்ந்த பிறகு அவற்றில் பல, வேலிக்குள் சுட்டு வேட்டையாடும் தொழிலுக்குப் போனது பின்னர் வெளிவந்தது. உண்மையான புகலிடத்தின் அடையாளங்கள் எளியவை: விலங்கை இனப்பெருக்கம் செய்ய விடமாட்டார்கள், விற்கமாட்டார்கள், வாங்கமாட்டார்கள், பார்வையாளரைத் தொட விடமாட்டார்கள். குரங்கினங்கள் இருக்கும் இடமானால் உங்களிடம் காசநோய்ப் பரிசோதனை முடிவு கேட்பார்கள், சளி இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். நம் சுவாச நோய்கள் அவற்றைக் கொல்லும்.

குழந்தைகள் காப்பகத்தைப் பற்றி எந்தச் சலுகையும் இல்லாமல் சொல்ல வேண்டும்: போகாதீர்கள். அன்பு காட்டப் போகிறோம் என்ற எண்ணம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் போகாதீர்கள். கம்போடியாவில் காப்பகங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் சுமார் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தது யுனிசெஃப் ஆதரவில் 2011-இல் வந்த ஆய்வில் தெரிந்தது. பார்வையாளரும் நன்கொடையும் வர வர, ஏழைக் குடும்பங்களிலிருந்து படிப்பும் சாப்பாடும் தருவதாகச் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்க்கும் காப்பகங்கள் பெருகின. நேபாளத்திலும் இதே கதை. வந்தவுடன் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து நெகிழ்கிறோம். முன்பின் தெரியாதவரிடம் அப்படி ஒட்டிக்கொள்வது, பராமரிப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்ததால் ஏற்பட்ட பாதிப்பின் அறிகுறி. 2019-இல் ஐ.நா. பொதுச்சபை குழந்தைகள் உரிமை பற்றிய தீர்மானத்தில், காப்பகத் தன்னார்வப் பணி விளைவிக்கும் தீங்கை வெளிப்படையாகக் குறிப்பிட்டது. குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை உண்மையானால், பிள்ளைகளைக் குடும்பத்தோடு இருக்க வைக்கும் உள்ளூர் அமைப்புகளின் அலுவலக வேலை, நிதி, மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் உதவலாம்.

மருத்துவத்திலும் ஒரே விதி. சொந்த நாட்டில் செய்ய உரிமமில்லாத எதையும் அங்கே செய்யக் கூடாது. ஊசி போடுவது, தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது எதுவானாலும். “இங்கே ஆளில்லை, செய்” என்று அழைக்கும் இடம் நோயாளியையும் உங்களையும் ஒருசேர ஆபத்தில் தள்ளுகிறது.

பேரிடர் நடந்த இடத்துக்கு அழைப்பில்லாமல் கிளம்பவும் கூடாது. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு விமான நிலையமே திணறியது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு வந்து குவிந்த மருந்துகளில் தேவைப்படாதவற்றையும் காலாவதியானவற்றையும் அழிப்பதே தனி வேலையாகிவிட்டது. முதல் வாரங்களில் குடிநீரும் இடமும் உணவும் அங்கிருப்பவர்களுக்கே போதாது. மறுகட்டுமான வேலை தொடங்கும் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து, கேமராக்கள் போன பிறகு ஆள் தேவைப்படும். அப்போது போங்கள்.

இடத்தை முடிவுசெய்யும் முன் அமைப்பிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில. என் நேரடி மேற்பார்வையாளர் யார், அவர் அந்த ஊர்க்காரரா? நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்? நாளுக்கு எத்தனை மணி நேரம், வாரம் எத்தனை நாள் ஓய்வு? கட்டணத்தில் எவ்வளவு அந்த ஊரிலேயே செலவாகிறது, எவ்வளவு நிர்வாகத்துக்குப் போகிறது? வெவ்வேறு ஆண்டுகளில் வந்த இரண்டு தன்னார்வலர்களோடு பேச முடியுமா? பதில் தாமதமாக வந்தால் பரவாயில்லை. மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். இரண்டாம் கேள்விக்கு “யாரும் செய்யமாட்டார்கள், நீங்கள்தான்” என்று பதில் வந்தால் பெருமைப்படாதீர்கள். நீங்கள் கிளம்பிய மறுநாள் அந்த வேலை நின்றுவிடும் என்று அர்த்தம். பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு அவர்கள் உங்களிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்கிறார்களா என்றும் பாருங்கள். கேட்கவில்லையென்றால், உங்களுக்கு முன் வந்தவர்களிடமும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்தச் சான்றுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுப் பயன்பாட்டுக்காக அரசு தரும் சான்று) தேவைப்படலாம், அதற்கும் சேர்த்து இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

விசாவில் ஏமாறுபவர்கள் அதிகம். சம்பளம் வாங்கவில்லையே, சுற்றுலா விசா போதும் என்று நினைப்பது தவறு. நியூசிலாந்தில் வேலைக்குப் பதிலாகக் கிடைக்கும் சாப்பாடும் தங்குமிடமும்கூடக் கூலியாகவே கணக்கிடப்படும். எனவே பண்ணையில் தங்கி வேலை செய்யவும் வேலை அனுமதியுள்ள விசா தேவை. பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கு மொத்தம் 30 நாள் வரை தன்னார்வப் பணி செய்யலாம். அதற்கு மேல் என்றால் தொண்டுப் பணியாளர் விசா. ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. “எல்லையில் சுற்றுலா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்” என்று எந்த அமைப்பாவது எழுதினால் அந்த அமைப்பை விட்டுவிடுங்கள். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவதும் பிற்கால விசாக்கள் மறுக்கப்படுவதும் உங்களுக்குத்தான், அவர்களுக்கில்லை.

உடல்நலத் தயாரிப்பைக் கிளம்புவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டால்தான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். விலங்குகளோடு வேலை என்றால், அல்லது மருத்துவமனை தொலைவில் என்றால், வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பு ஊசி இரண்டு தவணை, முதல் ஊசிக்கு ஏழு நாள் கழித்து இரண்டாவது. அதைப் போட்டிருந்தாலும் கடிபட்டால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு மீண்டும் ஊசிக்குப் போக வேண்டும். முன்தடுப்பு இருப்பதால் கிடைப்பதற்கு அரிதான இம்யூனோகுளோபுலின் (நோயெதிர்ப்புப் புரத ஊசி) தேவைப்படாது என்பதே பெரிய ஆதாயம். ஹெபடைடிஸ் பி வழக்கமாக மூன்று தவணை, ஆறு மாதத்தில் முடியும்; மருத்துவப் பணிக்குப் போகிறவர்கள் இதைக் கடைசி நேரத்தில் நினைத்துப் பயனில்லை. மலேரியா மாத்திரைகளில் அட்டோவாக்வோன்-புரோகுவானில் என்றால் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கித் திரும்பிய பின் ஏழு நாள். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பின் நான்கு வாரம். ஊர் திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் இங்கே பரவலாக நடக்கும் தவறு. எந்த மருந்து உங்களுக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் ‘உடலுழைப்பு’ என்ற விலக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலான சாதாரண சுற்றுலாக் காப்பீடுகளில் ஏணி, இயந்திரம், கட்டுமானம் ஆகியவற்றில் அடிபட்டால் இழப்பீடு கிடைக்காது. உரிமமின்றியோ தலைக்கவசமின்றியோ மோட்டார் சைக்கிள் ஓட்டியதும் அப்படித்தான். அவசர மருத்துவ வெளியேற்றம், அதாவது நல்ல மருத்துவமனை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் செலவு, சேர்ந்திருக்க வேண்டும். இன்னொன்று: திரும்பும் பயணச் சீட்டுக்கான பணமும் ஒரு மாதச் செலவுக்கான பணமும் யாரும் தொட முடியாத கணக்கில் இருக்கட்டும். இடம் சரியில்லையென்றால் அன்றே கிளம்ப முடிய வேண்டும். பாஸ்போர்ட்டின் நகலை மட்டும் கொடுங்கள். மூலத்தை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் மொழியில் 200, 300 சொற்களை முதலில் பிடியுங்கள்: வணக்கம், நன்றி, எண்கள், உறவுமுறைகள், நீங்கள் கையாளும் கருவிகளின் பெயர்கள், “மெதுவாகச் சொல்லுங்கள்”, “இது எப்படிச் செய்வது, காட்டுங்கள்”. முதல் இரண்டு வாரம் யோசனை எதையும் சொல்லாதீர்கள். மூடத்தனமாகத் தெரியும் நடைமுறைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: மழைக்காலத்தில் பாதை அடைபடுவதோ, மின்சாரம் வரும் நேரமோ, ஊர்ப் பெரியவர்கள் இருவருக்கு இடையிலான பழைய மனத்தாங்கலோ. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள். முடிவு அதற்கு முந்தைய நாள் வேறெங்கோ எடுக்கப்பட்டிருக்கும். அந்த வேறெங்கோ எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் மூன்று மாதம் தங்கியவருக்குக் கிடைக்கும் உண்மையான பாடம்.

பரிசுப் பொருட்களை நேரடியாகக் கொடுக்காதீர்கள். பள்ளி அல்லது சங்கத்தின் வழியாகப் போகட்டும். ஒரு பிள்ளைக்குப் பேனா கொடுத்தால் அடுத்து வரும் எல்லா வெளிநாட்டவரிடமும் பிள்ளைகள் கை நீட்டத் தொடங்குவார்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். பிள்ளையின் முகமும் பெயரும் ஊரும் ஒரே பதிவில் வராமல் பாருங்கள். உங்கள் பிள்ளையின் படத்தை ஒரு அந்நியர் அப்படி வெளியிட்டால் ஏற்பீர்களா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

போக முடியாதவர்களுக்கு ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் இணையவழிப் பணி இருக்கிறது. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மிகாமல், 12 வாரம் வரை, வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, ஆய்வு. பல அமைப்புகளுக்கு இன்னொரு ஜோடிக் கைகளைவிட இதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

திரும்பிய பின் வரும் தனிமைக்கும் தயாராக இருங்கள். ஜான், ஜீன் கல்லஹார்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1963-இல், ஊர் திரும்பியவர்களும் மீண்டும் ஒரு சரிவைச் சந்திப்பதை எழுதினார்கள். கேட்பவர்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பொறுமை இருக்காது. கடைகளின் மிகுதி எரிச்சலூட்டும். அதே இடத்துக்குப் போய்வந்த ஒருவரோடு பேசுவது உதவும். அங்கிருப்பவர்களுக்கு “மீண்டும் வருவேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தால், வர முடியாது என்று தெரிந்ததும் எழுதிவிடுங்கள். வேலை விண்ணப்பத்தில் “உலகைப் புரிந்துகொண்டேன்” என்று எழுதாதீர்கள். எந்த மொழியில் என்ன அளவு பேச்சு, எத்தனை ஆசிரியர்களோடு எந்தப் பாடம், யாருக்குக் கீழே வேலை, கையில் என்ன பொறுப்பு என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்தை அந்த ஊர் மேற்பார்வையாளரிடமே, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு கேட்டு வாங்குங்கள்.

மலேரியா உள்ள பகுதியிலிருந்து திரும்பி ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தாலும், அன்றே மருத்துவரிடம் போய் எந்த நாட்டில் எந்த மாதங்களில் இருந்தீர்கள் என்று முதல் வாக்கியமாகச் சொல்லி, ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.